அக்கா பசங்கள யாரு பாத்துக்கறது? சொந்தக்காரங்கள கூட்டி பேசறதுக்கு முன்னாடி

உங்க கேள்விய நான் புரிஞ்சுகிட்டது இதுதாம்மா. அக்கா போன வருஷம் தவறிட்டாங்க, அக்கா வீட்டுக்காரர் குடிக்கறாரு, 9 வயசு பொண்ணும் 5 வயசு பையனும் அவர்கிட்ட பாதி நாளு அப்பத்தாகிட்ட பாதி நாளுன்னு அலையுதுங்க, ராத்திரி வீட்ல சத்தமா இருக்குன்னு பாப்பா போன்ல உங்ககிட்ட அழுதிருக்கு. நீங்க கூட்டிட்டு வந்து வளக்க ரெடி, உங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு. அந்தப் பக்கத்து பெரியப்பாதான் "எங்க வீட்டுப் பிள்ளைய நாங்க பாத்துக்கறோம்"னு நிக்கறாரு. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடிச்சா பிள்ளைங்கள ஹோம்ல போட்டுருவாங்களோன்னு பயம். ரெண்டு பக்க சொந்தத்தையும் கூட்டி வெச்சு பேசினா சரியா வருமான்னு கேட்டிருக்கீங்க.

நான் ஒரு மாவட்டத்துல குழந்தைகள் நலக்குழுல மூணு வருஷம் உறுப்பினரா இருந்தேன், நாங்கல்லாம் சிடபிள்யூசின்னே சொல்லுவோம். வக்கீல் இல்ல. ஆனா இந்த மாதிரி குடும்பங்கள டேபிளுக்கு இந்தப் பக்கம் உக்காந்து நூத்துக்கணக்குல பாத்திருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

கூட்டுங்க. கண்டிப்பா கூட்டுங்க. ஆனா எல்லாரையும் கூட்டக்கூடாது, எல்லா விஷயத்தையும் அங்க பேசக்கூடாது. யாரு உள்ள வரக்கூடாதுன்னு மொதல்ல முடிவு பண்ணாம கூட்டினா அது பிள்ளைங்களுக்கான கூட்டமா இருக்காது, பெரியவங்க பழைய கணக்கு தீக்கற பஞ்சாயத்தாதான் போகும்.

அதனால கூட்டத்துக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. பாப்பாவ தனியா ஒரு நாள் உக்கார வெச்சு பேசுங்க. விசாரணை மாதிரி வேணாம், தலை சீவி விடும்போது, சாப்பாடு ஊட்டும்போது. ராத்திரி சத்தம்னா என்ன சத்தம், யாரு யாரு இருப்பாங்க, நீ எங்க படுப்ப, அப்பாவோட கூட்டாளிங்க யாராவது வீட்டுக்கு வருவாங்களா, இவ்ளோதான். நீங்களா எதையும் எடுத்துக் குடுக்காதீங்க, திரும்பத் திரும்ப அதையே கேக்காதீங்க. அந்த பதில்ல யாராவது தப்பா தொட்டதா, தொடச் சொன்னதா ஒரு வார்த்தை வந்தாலும் குடும்பக் கூட்டம் அதோட கேன்சல். அது போக்சோ, பிள்ளைங்கள பாலியல் கொடுமைலேருந்து காப்பாத்தற சட்டம். 2012ல வந்த அந்த சட்டத்துல இப்படி ஒரு விஷயம் தெரிஞ்சும் போலீஸ்ல சொல்லாம இருக்கறதே குத்தம். "நம்ம குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்"னு ஒரு பெரிய மனுஷன் சொல்லுவாரு பாருங்க, எனக்கு அந்த ஆள் மேலயே மொதல்ல சந்தேகம் வரும், மூணு வருஷத்துல வந்த வியாதி இது. பொதுவா பிள்ளைங்கள தொந்தரவு பண்றவன் தெரியாத ஆளா இருக்கறது கம்மி. 2007ல மத்திய அரசு எடுத்த பெரிய ஆய்வுலயே பாதிப் பேருக்கு அத செஞ்சது பிள்ளைக்கு தெரிஞ்ச, நம்பின ஆளுன்னு வந்துச்சு. அப்படிப்பட்டவனையும் சேத்து பாய்ல உக்கார வெச்சு பிள்ளைய நடுவுல நிறுத்தினா அந்தக் குழந்தை அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் வாய தொறக்காது. அதே மாதிரி அடி விழுது, சூடு வெச்சிருக்கு, பிள்ளைங்கள பூட்டி வெச்சுட்டு போறாருன்னா கூட்டத்துக்கு நாள் பாக்காதீங்க, அன்னைக்கே 1098.

அப்படி எதுவும் இல்ல, குடி, கவனிப்பு இல்ல, பட்டினி, ஸ்கூலுக்கு சரியா போறதில்ல, இவ்ளோதான்னா அப்பதான் சொந்தக்காரங்க உதவி.

இப்ப 1098 பயத்துக்கு வர்றேன். போன் பண்ணினதும் பிள்ளைய தூக்கிட்டுப் போய் ஹோம்ல போட்டுருவாங்கங்கறது பாதி சினிமா. எங்க முன்னாடி 24 மணி நேரத்துக்குள்ள பிள்ளைய கொண்டு வரணும்ங்கறது உண்மை. அதுக்கப்புறம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுலேருந்து ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அக்கம்பக்கம், ஸ்கூல் டீச்சர் எல்லாரையும் கேட்டு 15 நாள்ல அறிக்கை தரணும். 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல ஹோம்ங்கறது கடைசி வழின்னு தெளிவா எழுதியே இருக்கு. அம்மா அப்பாகிட்டயே கண்காணிப்போட திருப்பி அனுப்பலாம், இல்லன்னா தகுதியான நபர்னு உங்களையே முடிவு பண்ணி உங்க பொறுப்புல விடலாம். ஆனா நடைமுறைல என்ன ஆகும்னா, அன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு பிள்ளைய கூட்டிட்டு வந்து நிக்கும்போது "என் பொறுப்புல விடுங்க"ன்னு ஒரு சொந்தக்காரரும் கையெழுத்து போட வரலன்னா அன்னைக்கு ராத்திரி பிள்ளை எங்க தூங்கும்? ஹோம்லதான். ஹோமுக்கு போன பல பிள்ளைங்க போனதுக்கு காரணம் சொந்தம் இல்லாதது இல்ல, சொந்தம் லேட்டா வந்தது. அதனால குடும்பம் முன்கூட்டியே பேசி ஒரு ஏற்பாடோட இருக்கறது நீங்க நினைக்கறதவிட பெரிய பலம்.

சொந்தக்காரங்கள உக்கார வெச்சு முடிவெடுக்கறத ஒரு நாடு சட்டமாவே போட்டிருக்கு தெரியுமா, நியூசிலாந்து. அங்க பூர்வகுடிகளான மாவோரி மக்கள் ரொம்ப வருஷமா ஒரே விஷயத்த சொல்லி சண்டை போட்டாங்க. எங்களுக்கு பிள்ளைன்னா அம்மா அப்பாவுக்கு மட்டும் பிள்ளை இல்ல, மொத்த கூட்டத்துக்கும் பிள்ளை, நீங்க எங்கள ஒரு வார்த்தை கேக்காம தூக்கிட்டுப் போய் முன்ன பின்ன தெரியாத வீட்ல விடறீங்கன்னு. ஜான் ரங்கிஹாவு தலைமைல ஒரு குழு போட்டு அறிக்கை வந்துச்சு, அதுக்கப்புறம் 1989ல சட்டம். குடும்பக் குழுக் கூட்டம்னு வெச்சுக்கோங்களேன். ஒருங்கிணைப்பாளர் ஒருத்தர் தாத்தா பாட்டி மாமா அத்தைன்னு தேடித் தேடி கூப்பிடுவாரு. மொதல்ல அதிகாரிங்க என்ன பிரச்சனைன்னு ஒளிக்காம சொல்லிடணும். அடுத்து எனக்கு ரொம்ப பிடிச்ச கட்டம், அதிகாரிங்க எல்லாரும் எந்திரிச்சு வெளிய போயிடணும், குடும்பம் மட்டும் தனியா பேசும், அவங்களா கூப்பிட்டாத்தான் மத்தவங்க உள்ள வர முடியும். கடைசில குடும்பம் ஒரு திட்டத்தோட வரும், அது பிள்ளைக்கு பாதுகாப்பா இருக்கான்னு பாத்து ஒத்துக்குவாங்க.

அங்கயும் எல்லாம் சொர்க்கம் கிடையாது. அவ்ளோ நல்ல சட்டம் இருந்தும் 2019ல ஹேஸ்டிங்ஸ்ங்கற ஊர்ல ஆஸ்பத்திரில பொறந்து சில நாளே ஆன மாவோரி குழந்தைய அம்மாகிட்டேருந்து எடுக்கப் போய் பெரிய ரகளையாச்சு, 2021ல மாவோரி மக்களோட புகார்கள விசாரிக்கற வைதாங்கி தீர்ப்பாயம் அரசாங்கத்த கடுமையா கண்டிச்சு அறிக்கை குடுத்துச்சு. இருந்தாலும் அந்த மூணு கட்டம் இருக்கே, விஷயத்த சொல்றது, குடும்பம் தனியா பேசறது, பிள்ளைக்கு சரியா வருமான்னு வெளியாள் ஒருத்தர் பாக்கறது, அத நம்ம வீட்டுக் கூடத்துலயே பண்ணலாம், யாரும் தடுக்கப் போறதில்ல.

ஒரு குடும்பத்தப் பத்தி சொல்றேன், அடையாளம் எல்லாம் மாத்திட்டேன். அம்மா இல்ல, அப்பா லோடு ஏத்தற வேலை, குடி. ஒரு டாடா ஏஸ்ல பதினோரு பேரு வந்து எங்க ஆபீஸ் வராண்டாவுல எறங்கினாங்க. ரெண்டு பக்கமும் முன்னாடியே பேசி முடிச்சுட்டுத்தான் வந்திருந்தாங்க, எங்க சீல் மட்டும்தான் பாக்கி. முடிவு என்னன்னா ஆளுக்கு ஒண்ணு. பையன் அப்பா பக்கம், பொண்ணு தாய்மாமன் பக்கம். எல்லாருக்கும் திருப்தி, சண்டையே இல்ல, அதுலயே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. பொண்ண மட்டும் பக்கத்து ரூமுக்கு கூட்டிட்டுப் போய் பன்னும் டீயும் வாங்கிக் குடுத்து சும்மா பேசிட்டு இருந்தேன். பத்து வயசு. திடீர்னு என்கிட்ட மணி என்னாச்சுன்னு கேட்டுச்சு. ஏன்டான்னா, "தம்பிக்கு வலிப்பு மருந்து குடுக்கணும், வெள்ளை மூடி போட்டது, காலைல ஒரு மூடி ராத்திரி ஒரு மூடி, கோடு வரைக்கும் ஊத்தணும், வெறும் வயித்துல குடுக்கக்கூடாது, இன்னைக்கு காலைல கிளம்பற அவசரத்துல யாரும் குடுக்கல"ங்குது. வெளிய வந்து அந்த பதினோரு பேர்கிட்டயும் பையனுக்கு என்ன மருந்து போகுதுன்னு கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. பையன வாங்கிட்டுப் போக வந்த பெரியம்மாவுக்கு அவனுக்கு வலிப்பு வருங்கறதே "எப்பயோ ஒரு தடவ வந்துச்சு".

ஆளுக்கு ஒண்ணுங்கற முடிவு அங்கயே செத்துப்போச்சு. பத்து வயசுப் பொண்ணு தாய் மாதிரி இருக்கறது நல்லதான்னா அதுவும் இல்ல, அந்த பாரத்தையும் எறக்கி வைக்கணும், அதுக்கும் மொதல்ல ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அன்னைக்கு எல்லாரும் திரும்ப உக்காந்து பேசினாங்க, நாங்க ரூம விட்டு வெளிய நின்னோம், நியூசிலாந்து பாணிதான், ஆனா ஃபேன் ஓடாத ரூம்ல. முக்கால் மணி நேரம் கழிச்சு கூப்பிட்டாங்க. ரெண்டு பிள்ளைங்களும் ஸ்கூல் பக்கத்துல இருக்கற அப்பத்தா வீட்ல, மருந்து வாங்கறதும் மாசாமாசம் ஜிஎச் கூட்டிட்டுப் போறதும் தாய்மாமன், லீவுக்கு மாமன் வீடு. அப்பா ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் வந்து பாக்கலாம், குடிச்சிருந்தா வரக்கூடாது. குடிச்சிருக்காரா இல்லையான்னு யாரு முடிவு பண்றதுன்னு நான் கேட்டேன். அப்பாவோட அண்ணன் சொன்னாரு, "அது என் வேலைங்க, அவன் எந்தக் கடைல எத்தன மணிக்கு உக்காருவான்னு எனக்குத் தெரியும், நடையப் பாத்தே சொல்லிருவேன்". எங்ககிட்ட எந்த மீட்டரும் கிடையாது அதுக்கு. அதுக்குத்தான் சொந்தக்காரங்க வேணும்ங்கறேன்.

உங்க விஷயத்துக்கு வருவோம். சட்டப்படி அப்பாதான் இயற்கை காப்பாளர், குடிகாரரா இருந்தாலும் கோர்ட்டோ சிடபிள்யூசியோ வேற சொல்ற வரைக்கும் அவர்தான். லீவுக்கு வந்த பிள்ளைங்கள நீங்களா திருப்பி அனுப்பாம வெச்சுகிட்டா பிள்ளைங்கள கொண்டு வந்து நிறுத்தச் சொல்லி அவரு ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போடலாம், போட்டா அவர் பக்கம் கை ஓங்கும். 2019 மே மாசம் சுப்ரீம் கோர்ட்ல இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, அம்மா கேன்சர்ல இறந்துட்டாங்க, கைக்குழந்தைய அம்மா வழி சொந்தம்தான் வளத்துச்சு, கடைசில குழந்தை அப்பாகிட்டதான் போச்சு. அப்பா இல்லன்னாலும் ஜோசியம் சொல்ல முடியாது. கொரோனாவுல அம்மா அப்பா ரெண்டு பேரையும் பறிகொடுத்த ஒரு பையன குஜராத் ஹைகோர்ட் சித்திகிட்ட குடுத்துச்சு, வயசு கம்மி, வேலை இருக்கு, வசதி இருக்குன்னு. 2022 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் அத மாத்தி அப்பா வழி தாத்தா பாட்டிகிட்ட குடுத்துட்டாங்க, வயசும் வருமானமும் மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாதுன்னு. அதனால "எங்க வீடு பெருசு, ஏசி இருக்கு, நல்ல ஸ்கூல் இருக்கு"ன்னு ஆரம்பிக்காதீங்க, கூட்டத்துலயும் சரி வேற எங்கயும் சரி. அந்தப் பக்கத்துக்கு அது "நீங்க ஏழை"ன்னுதான் கேக்கும்.

கூட்டத்த உங்க வீட்லயும் வேணாம் அவங்க வீட்லயும் வேணாம். ரெண்டு பக்கமும் மதிக்கற ஒரு ஆளு வீடு, இல்ல கோயில் மண்டபம், சர்ச் ஹால், பள்ளிவாசல் கூடம், எதுவா இருந்தாலும். நடத்தறவரு ரெண்டு பக்கத்துக்கும் பங்காளி இல்லாதவரா இருக்கட்டும், ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் ஒருத்தர் கிடைச்சா பாதி கவலை விட்டுச்சு. காலைல வைங்க, சாயங்காலம் வெச்சா பாதி ஆம்பளைங்க தெளிவா இருக்க மாட்டாங்க, நான் விளையாட்டுக்கு சொல்லல. அப்பாவ கூப்பிடுங்க, அவர் இல்லாம எடுத்த முடிவு ஒரு வாரம் நிக்காது. கட்சிக்காரரு, கவுன்சிலரு, "நான் பேசினா எவனும் பேச மாட்டான்" ஆளுங்க, அவங்க வேணாம். பிள்ளைங்க அன்னைக்கு அங்க இருக்க வேணாம், ஆனா பாப்பா என்ன நினைக்குதுங்கறது அங்க வரணும், டீச்சரோ இல்ல பாப்பாவுக்கு பிடிச்ச வேற யாரோ முன்னாடியே கேட்டு வந்து சொல்லட்டும். உனக்கு யாரு வேணும்னு கேக்க வேணாம், அது பிள்ளைய ரெண்டா கிழிக்கற கேள்வி. ஸ்கூலுக்கு யாரு கிளப்பி விடறா, யாரு வீட்ல தூக்கம் வருது, தம்பி யாருகிட்ட அடம் பிடிக்காம சாப்பிடுவான், இந்த மாதிரி.

அப்புறம் யாரும் வாய் விட்டு கேக்காத ஆனா எல்லார் மனசுலயும் இருக்கற கேள்வி ஒண்ணு, அக்கா நகை எங்க இருக்கு. சிரிக்காதீங்க, "எங்க வீட்டுப் பிள்ளை"ன்னு ரெண்டு பக்கமும் கத்தறதுல ஒரு பங்கு இதுதான். அக்கா சொந்தமா வெச்சிருந்தது, பேங்க்ல இருக்கறது, இதெல்லாம் உயில் இல்லன்னா இந்து வாரிசு சட்டப்படி பிள்ளைங்களுக்கும் புருஷனுக்கும் சமமா போகும், அம்மா வீட்டுக்கு உரிமை இல்ல. உங்க அம்மாகிட்ட நகை இருந்தா மொதல்ல அத கூட்டத்துல வெளிப்படையா சொல்லி பாப்பா பேர்ல லாக்கர்லயோ எழுதியோ வெச்சுருங்க. அந்த ஒரு விஷயம் முடிஞ்சதும் பெரியப்பா குரல் பாதியா குறையறத நீங்களே பாப்பீங்க.

இன்னொண்ணு, பொண்ணுக்கு ஒன்பது வயசுதான், இருந்தாலும் கூட்டத்துல எந்தக் கெழவியாவது "வயசுக்கு வந்ததும் மாமன் பையனுக்கு முடிச்சுருவோம், சொந்தம் விட்டுப் போகாது"ன்னு ஆரம்பிக்கும். பதினெட்டு வயசுக்கு முன்னாடி அந்தப் பேச்சே இந்த வீட்ல கெடயாதுன்னு அங்கயே முளையில கிள்ளிருங்க.

தத்துப் பேச்சும் இப்ப எடுக்காதீங்க. 20 ரூபா பத்திரத்துல "பிள்ளைய தத்துக் குடுத்துட்டேன்"னு எழுதி வாங்கிட்டு எங்ககிட்ட வந்து காட்டுவாங்க, அது தத்தே கிடையாது. உங்களுக்கு ஏற்கனவே ஒரு பொண்ணு இருந்தா இந்து தத்துச் சட்டப்படி இன்னொரு பொண்ண தத்தெடுக்கவும் முடியாது. இப்ப உங்களுக்கு தேவை அது இல்ல. பிள்ளைங்க எங்க இருப்பாங்க, யாரு ஸ்கூல் பாப்பாங்க, யாரு ஆஸ்பத்திரி, அப்பா எப்ப வருவாரு, செலவுக்கு யாரு எவ்ளோ, மூணு மாசம் கழிச்சு எந்த தேதில திரும்ப உக்காருவோம், இத ஒரு பக்கத்துல எழுதி அப்பா உள்பட எல்லாரும் கையெழுத்து. கோர்ட்ட அது கட்டுப்படுத்தாது, ஆனா ஸ்கூல்ல டிசி வாங்கப் போகும்போது, அப்பா மனசு மாறி வந்து வாசல்ல நிக்கும்போது உங்க கைல ஒரு காகிதம் இருக்கும். அத எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல எங்க இருக்காங்கன்னு விசாரிச்சு மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல குடுங்க, அவங்க சிடபிள்யூசிக்கு அனுப்புவாங்க, கண்காணிப்பும் வரும், அதுக்கப்புறம் அது வெறும் குடும்பப் பேச்சா இருக்காது.

காசு விஷயம். சொந்தக்காரங்க வளக்கற பிள்ளைங்களுக்கு மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசு குழந்தைகள் நலத் திட்டத்துல மாசம் ஒரு பிள்ளைக்கு 4,000 ரூபா நிதி ஆதரவு இருக்கு, வருமான வரம்பு கிராமத்துல வருஷத்துக்கு 72,000, மத்த இடத்துல 96,000. கேட்டாலே கிடைச்சிரும்னு சொல்ல மாட்டேன், கலெக்டர் தலைமைல கமிட்டி பாத்து முடிவு பண்ணுவாங்க, வரிசை இருக்கும். உங்க வீட்டு சம்பளம் அந்த வரம்புக்கு மேல இருந்தா உங்களுக்கு வராது. ஆனா பிள்ளைங்க அப்பத்தாகிட்ட இருந்தா அப்பத்தாவுக்கு விண்ணப்பம் போட்டுப் பாக்கலாம். இத கூட்டத்துல சொல்லுங்க, பல தடவ "எங்களால முடியாது"ங்கறது மனசு இல்லாததால வர்ற வார்த்தை இல்ல, கைல இல்லாததால வர்றது.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. பிள்ளைங்க உங்ககிட்டதான் வரணும்னு முடிவு பண்ணிட்டு கூட்டம் போடாதீங்க. நீங்க இருக்கறது வேற ஊரு, அப்பத்தா இருக்கறது அதே தெரு, அதே ஸ்கூல், அதே கூட்டாளிங்க. அம்மா போன ஒரே வருஷத்துல ஸ்கூலும் தெருவும் போறது அந்த அஞ்சு வயசுக்கு ரொம்ப அதிகம். அப்பத்தா உடம்பு தாங்குமா, மகன எதிர்த்து கதவ சாத்தற தைரியம் அதுக்கு இருக்கா, அது ரெண்டுதான் கேள்வி. இருக்குன்னா நீங்க லீவுக்கும் பீஸுக்கும் ராத்திரி போனுக்கும் சித்தியா இருங்க. இல்லன்னா அப்பத்தாவே கூட்டத்துல "என்னால முடியல, சின்னவ கூட்டிட்டுப் போகட்டும்"னு சொல்லும், அப்ப பெரியப்பாவால ஒண்ணும் பேச முடியாது.

அதனால வேற யாருக்கும் போன் போடறதுக்கு முன்னாடி அப்பத்தாவுக்கு போடுங்க. திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு மேல, பிள்ளைங்க ஸ்கூலுக்கு போயிருக்கும், மகனும் வேலைக்கு போயிருப்பாரு. பிள்ளைங்கள கேக்கறதுக்கு போன் பண்ணலங்கறத மொத வார்த்தையிலயே சொல்லிட்டு, உடம்பு எப்படி இருக்கு அத்தைன்னு கேளுங்க, கேட்டுட்டு ஒரு அஞ்சு நிமிஷம் நீங்க பேசாம இருங்க.